கரிசலில் விரித்த வலை

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமச் சாலை வேலை. சுத்தமான கரிசல் மண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் களியாகிக் காலைக் கவ்வும். எத்தனை லோடு ஜல்லி கொட்டினாலும் மெல்ல உள்ளே விழுங்கிவிடும்.

அதனால்தான் ஜியோகிரிட் போட்டோம். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த வலை, தூக்கிப் பார்த்தால் லேசாக இருக்கும். பலமெல்லாம் அதன் கண்களில்தான். ஜல்லி அந்தக் கண்ணில் பாதி இறங்கிச் சிக்கிக்கொள்ளும். லாரிச் சக்கரம் அழுத்தும்போது கல் பக்கவாட்டில் நகரப் பார்க்கும்; வலை விடாது. கண்ணுக்கும் கல்லுக்கும் அளவு பொருந்தாவிட்டால் போட்ட காசு வீண்.

முதல் நாளே ஒரு தப்பு. விரித்த வலையின் மேலேயே டிப்பர் ஏறித் திரும்பிவிட்டது. வலை சுருண்டு, இழைகள் அறுந்து, பார்க்கவே மனசு கேட்கவில்லை. அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாக விரித்தோம். அப்புறம் முனையிலிருந்து ஜல்லியைத் தள்ளிக்கொண்டே போனோம். ஆறு அங்குலம் மூடாமல் எந்த வண்டியையும் ஏற விடவில்லை.

வலை களியை வடிகட்டாது, அடியில் ஜியோடெக்ஸ்டைல், அதாவது மண்ணைத் தடுத்துத் தண்ணீரை விடும் துணியும் வேண்டும். மேம்பாலத் தாங்குசுவருக்குப் போடும் ஜியோகிரிட் வேறு ரகம். அதற்கு ஒரு திசையில்தான் பலம். திசை மாற்றி விரித்தால் சுவருக்குப் பிடிப்பே இருக்காது.

போன கார்த்திகையில் அந்தச் சாலையைப் போய்ப் பார்த்தேன். சக்கரத் தடம் விழவில்லை. ஓரத்தில் மட்டும் நீளமாக ஒரு வெடிப்பு. பக்கத்து வாய்க்கால் தூர்ந்து கிடந்தது; தண்ணீர் வடிய வழியில்லை.