கறுத்த திரையும் ஏ போர்ட்டும்

மேசைக்கு அடியில் நெடுநாள் தூங்கிக்கொண்டிருந்த ஸ்பார்க்ஸ்டேஷன் 5 ஒன்றைச் சென்ற மாதம் வெளியே எடுத்தேன். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1994இல் வெளியிட்ட, பீட்சா பெட்டி போலத் தட்டையான பணிநிலையக் கணினி அது. மின்சாரம் கொடுத்ததும் விசிறி சுழன்றது, வன்தட்டு முனகியது, விசைப்பலகையின் விளக்குகள் ஒருமுறை மின்னி அடங்கின. ஆனால், 13டபிள்யூ3 என்ற சன்னின் வீடியோ இணைப்பியிலிருந்து மாற்றி ஒன்றின் வழியே நான் மாட்டியிருந்த எல்சிடி திரை கறுப்பாகவே இருந்தது. கேபிளைப் பிடுங்கி மாட்டுவதும் வீடியோ அட்டையைத் துடைப்பதுமாக ஒரு மாலைப்பொழுதை வீணாக்கிய பிறகுதான், வேறொரு கணினியோடு எழுத்துகளால் பேச உதவும் சீரியல் போர்ட்டின் நினைவு வந்தது.

இந்தக் கணினிகளை இயக்கியதும் முதலில் ஓடும் உள்ளமை நிரலான ஓப்பன்பூட் நிலைபொருள் தொடங்கும்போது விசைப்பலகை இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால், கேட்பதையும் சொல்வதையும் ஏ என்று குறித்த சீரியல் போர்ட்டுக்கு மாற்றிக்கொள்ளும். ஆகவே செய்ய வேண்டியது விசைப்பலகையைக் கழற்றுவது மட்டுமே. அதையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டும். ஓடும்போது பிடுங்கி மாட்டினால், அதற்கு மின்சாரம் தரும் ஃபியூஸ் போய்விடக்கூடும்.

போர்ட் 25 ஊசி வகை. என் மடிக்கணினியில் இருந்ததோ யூஎஸ்பி மாற்றியின் 9 ஊசி. வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, நிறுத்த பிட் ஒன்று என்று, சீரியல் போர்ட்டோடு பேசும் மினிகாம் நிரலில் அமைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஓர் எழுத்தும் வரவில்லை. நான் மாட்டியிருந்தது நேர்க் கேபிள். இரண்டு பக்கமும் கணினியே என்பதால் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் குறுக்காகப் போக வேண்டும், அதாவது நல் (null) மோடம் கேபிள் வேண்டும். (தமிழில் எழுதினால் நல்ல மோடம் என்று படிக்கத் தோன்றும் இந்தப் பெயர், அன்று எனக்குப் பொருத்தமாகவே பட்டது.)

கேபிளை மாற்றி மீண்டும் இயக்கியதும் எழுத்துகள் வரிவரியாக ஓடின. நினைவகம் சரி, செயலி சரி. ஆனால் கணினியின் அடையாள எண்கள் இருக்கும் ஐடிப்ராம் செல்லாது என்ற எச்சரிக்கை, ஈதர்நெட் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எஃப் எழுத்துகள். மினிகாமில் கண்ட்ரோல்-ஏ, பிறகு எஃப் அழுத்தி பிரேக் என்ற குறுக்கீட்டுச் சைகையை அனுப்பியதும், கட்டளைக்குக் காத்திருக்கும் ஓகே என்ற தூண்டல் வந்து நின்றது. கணினி முதலிலிருந்தே நலமாகத்தான் இருந்திருக்கிறது. அது பேசியது என் திரைக்குப் புரியவில்லை, அவ்வளவே.

காரணம் மாற்றியில் இருந்தது. 13டபிள்யூ3 இணைப்பியின் மூன்று உணர் ஊசிகளைப் பார்த்துத்தான் வீடியோ அட்டை திரையின் வகையை அறிகிறது. அவை எதனோடும் சேராமல் நின்றால் 1152க்கு 900 புள்ளிகள், 66 ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்கிறது. என் திரை அந்த வேகத்தை ஏற்கவில்லை. ஓப்பன்பூட்டின் அவுட்புட்-டிவைஸ் என்ற அமைப்பில் 1024க்கு 768, 60 ஹெர்ட்ஸ் என்று செட்என்வி கட்டளையால் எழுதி, மின்சாரத்தை நிறுத்தாமல் ரீசெட் கொடுத்துப் பார்த்தேன். திரை விழித்தது.

ஆனால் அந்த மதிப்பு நிலைக்கவில்லை. அணைத்துப் போட்டதும் பழையபடி இருள். அமைப்புகளையும் ஈதர்நெட் முகவரியையும் காக்கும் எம்48டி08 சிப்பின் உள்ளேயே லித்தியம் பேட்டரி பொதிந்திருக்கிறது, இத்தனை ஆண்டுகளில் அது செத்துப்போனது. மேற்புறப் பிசினைக் கவனமாகச் சுரண்டி, பழைய பேட்டரியின் முனைகளைத் துண்டித்து, வெளியே ஒரு சிஆர்2032 பேட்டரிக்குக் கம்பி இழுத்தேன். சிப்பை மாற்றிவிடுவதே எளிது என்பார்கள். கையில் இருப்பதை வைத்துச் செய்யும் பழக்கம் என்னை விடவில்லை.

பிறகு, அந்தச் சிப்பில் பைட்டுகளை எழுதும் எம்கேபி கட்டளையால் இயந்திர வகையையும், 8:0:20 என்று தொடங்கும் ஈதர்நெட் முகவரியையும், எஞ்சிய எண்களையும் ஒவ்வொரு பைட்டாக நிரப்பினேன். முதல் 15 பைட்டுகளையும் எக்ஸ்ஓஆர் என்ற பிட் கணக்கில் சேர்த்துக் கிடைப்பதே, சரிபார்க்க உதவும் 16ஆவது பைட். அதில் ஒன்று பிசகினாலும் எச்சரிக்கை திரும்ப வரும். எனக்கு இரண்டாம் முறைதான் சரியாக வந்தது. இரவு முழுக்க அணைத்துவைத்துவிட்டு, விசைப்பலகையை மாட்டிக் காலையில் இயக்கினேன்: வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துகளாக, முழு ஈதர்நெட் முகவரியோடு, கணினியின் விவரம் சொல்லும் பேனர் திரையில் வந்தது.