கல்தூணும் பேத்தியின் உள்ளங்கையும்

எங்கள் வீட்டம்மா நேர்ந்துகொண்டது இரண்டு. பேத்திக்குக் காது கேட்டால் திருநெல்வேலி காந்திமதி அம்மனுக்குப் பட்டு சாத்தி, வெள்ளியில் காது வாங்கி உண்டியலில் போடுவது ஒன்று. நெல்லையப்பர் சந்நிதிக்கு முன்னால் மணிமண்டபத்தில் இருக்கும் இசைத்தூணின் சத்தத்தைப் பிள்ளை காதில் கேட்க வைப்பது இன்னொன்று. முதலாவது எல்லோரும் நேர்வதுதான். இரண்டாவது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "அம்மன் சொல்லச் சொன்னா, சொன்னேன்" என்பாள்.

பத்து மாதமாகியும் கைதட்டினால் திரும்பாத குழந்தை. காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தால் இரண்டு காதும் கேட்கவில்லை. ஒலி என்பது அதிர்வு என்று முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இசைக்கவையைத் தட்டிக் காட்டியவன் நான். அன்று அந்த ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைக்கக்கூட எனக்கு வரவில்லை. இரண்டே கால் வயதில், உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் ஆபரேஷன். ஆறு வயதுக்குள் என்பதால் முதலமைச்சர் காப்பீட்டிலேயே முடிந்தது. இல்லையென்றால் வீட்டை விற்றிருக்க வேண்டும். அப்புறம் கருவியை முதன்முதலில் இயக்கும் ஸ்விட்ச் ஆன், பிள்ளைக்கு ஏற்றபடி அதைச் சரிசெய்யும் மேப்பிங், வாரம் தவறாமல் ஸ்பீச் தெரபி. இப்போது நாலரை வயது. "ஆச்சி" முழுசாக வருகிறது. நான் இன்னும் "தாத்" தான்.

சோமவாரப் பிரதோஷமாகப் பார்த்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினோம். பிரதோஷத்தன்று அங்கே போகிறவன் கூட்டத்தைப் பற்றிப் புலம்பக் கூடாது. ஆனாலும் புலம்புகிறேன். அம்மன் சந்நிதியில் பட்டு சாத்தி, வெள்ளிக் காதைப் போட்டுவிட்டு சங்கிலி மண்டபம் வழியாகச் சுவாமி பக்கம் வருவதற்குள் ஐந்தரை ஆகிவிட்டது. நந்தியைச் சுற்றி நிற்க இடமில்லை. பால்குடம் தூக்கியவர் என் காலை மிதித்ததில் சுண்டுவிரல் நகம் போயிற்று.

வரிசையில் எனக்கு முன்னால் ஒருவர் செல்போனை நீட்டி நீட்டி எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். சூரியன் ஓம் ஓம் என்று ஒலிப்பதை நாசாவே பதிவு செய்துவிட்டதாம், இந்தத் தூணின் அதிர்வு கேன்சரையே கரைக்குமாம். வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா? சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது, அந்த அசைவைப் பல்லாயிரம் மடங்கு வேகமாக்கினால்தான் நம் காதுக்குக் கேட்கிற சத்தம் ஆகும், நடுவில் காற்றே இல்லாதபோது அது நேராக இங்கே எப்படி வரும் என்றேன். "நாத்திகரா?" என்றார். கையில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறேன், நெற்றி முழுக்க விபூதி. என்ன சொல்ல!

இந்தக் கோயிலுக்கு நாசா எதற்கு? ஒரே கல்லில் நடுவே பெரிய தூண், அதைச் சுற்றி விரல் விரலாகச் சின்னத் தூண்கள், 48 என்பார்கள். நான் எண்ணும்போதெல்லாம் யாராவது இடித்துக் கணக்கு தப்பிவிடும். ஹம்பி விட்டலர் கோயிலில் இதே மாதிரித் தூண்களைக் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் சோதித்துப் பார்த்தார்கள். உள்ளே பொந்து கிடையாது, கெட்டிக் கல்தான். தட்டினால் தூண் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து நிமிர்கிறது, அதுதான் ஸ்வரம். வீணைத் தந்தியின் நீளத்தை இரட்டித்தால் அதிர்வெண் பாதியாகும். கல்தூணை அதே தடிமனில் இரட்டை நீளமாகச் செதுக்கினால் கால்வாசியாகிவிடும். கொஞ்சம் கூடுதலாகச் செதுக்கிவிட்டால் ஒட்டவைக்கவும் முடியாது. அந்தச் சிற்பி எதை நம்பி உளியை எடுத்தான் என்று நினைத்தால்தான் எனக்குப் புல்லரிக்கும்.

மணிமண்டபத்தை நெருங்கும்போதுதான் மகள் கத்தினாள். பாப்பாவின் காதுக்குப் பின்னால் இருக்கும் மிஷினில் விளக்கு எரியவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்று பேட்டரி லாட்ஜில் சார்ஜில் கிடக்கிறது. எடுக்க மறந்தது நான்தான்.

என் மனைவி ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இவ்வளவு தூரம் வந்து, தூணுக்குப் பத்தடி தள்ளி, பிள்ளை மறுபடியும் பழையபடி ஒன்றும் கேட்காமல் நிற்கிறது. தவிலும் நாகஸ்வரமும் மண்டபத்தைப் பிளக்கின்றன; அவள் தவில்காரரின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து ஒருவன் வந்து ஒட்டினான். "அண்ணாச்சி, தூணு தட்டிக் காட்டுதேன், சரிகமபதநி அம்புட்டும் வரும், எறநூறு ரூவா." கையில் ஐந்து ரூபாய் நாணயம். கல் தேயும், தட்டக் கூடாது என்று யார் சொன்னாலும் இவர்கள் கேட்பதில்லை. இருந்த எரிச்சலை எல்லாம் அவன்மேல் கொட்டினேன். அவன் அசரவில்லை, எங்களுக்குப் பின்னால் வந்த குடும்பத்தைப் பிடித்துக்கொண்டான். வாத்தியம் ஓய்ந்து தீபாராதனைக்குத் திரை போட்டிருந்தார்கள். அந்த ஓய்வில் அவன் தட்ட ஆரம்பித்தான்.

பாப்பா ஆச்சியின் கையை உதறிவிட்டுப் போய் அவன் தட்டுகிற தூணுக்கு அடுத்த தூணைப் பிடித்தாள். சும்மா விளையாட்டுக்குத்தான் பிடித்தாள். ஒரு தட்டு. சட்டென்று கையை எடுத்து உள்ளங்கையைப் பார்த்தாள், எறும்பு கடித்ததுபோல. மறுபடி வைத்தாள். அடுத்த தட்டுக்குக் கண் அகலமானது. அப்புறம் கன்னத்தை வைத்தாள், இரண்டு கையாலும் தூணைக் கட்டிக்கொண்டாள். அவன் தட்டத் தட்ட அவள் தலை ஆடுகிறது, தாளம் தப்பாமல். அவன் நிறுத்தினால் நிமிர்ந்து அவனை முறைக்கிறாள். "ம்ம்!" என்கிறாள்.

அடுத்தடுத்த தூண்கள் ஒரே கல், அதனால் அதிர்வு கடத்தப்படுகிறது. விநாடிக்கு நூற்றுக்கணக்கான அதிர்வுகளை உள்ளங்கைத் தோல் நன்றாகவே உணரும், 250 வாக்கில் மிகக் கூர்மையாக. எல்லாம் எனக்குத் தெரியும், வகுப்பெடுக்கச் சொன்னால் எடுப்பேன். அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நெல்லையப்பா, வேணுவனநாதா, மூங்கில் காட்டில் முளைத்தவனே என்று வாய் முணுமுணுக்கிறது, பார்வை மங்கிவிட்டது. திரை விலகி மணி அடித்ததும் எல்லோரும் சந்நிதிப் பக்கம் திரும்பினார்கள். நான் பேத்தியின் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். தீபாராதனையை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. இந்தத் தலத்துப் பதிகத்தைச் சம்பந்தர் "மருந்தவை மந்திரம்" என்றுதானே தொடங்கினார்! ஆபரேஷன் செய்த டாக்டரம்மா, மேப்பிங் போட்ட பெண், காப்பீட்டு அட்டைக்குக் கையெழுத்துப் போட்ட முகம் தெரியாத அதிகாரி, கல் செதுக்கியவன், எல்லோரும் நல்லா இருக்கணும், அப்பா. வேறு என்ன வேண்டிக்கொண்டேன் என்று ஞாபகமில்லை.

வெளியே வரும்போது அந்த ஆளைத் தேடிப்பிடித்து இருநூறு ரூபாயைக் கொடுத்தேன். "தட்டாதேன்னு ஏசினீகளே அண்ணாச்சி" என்றான். இனிமேல் தட்டாதே என்றுதான் கொடுக்கிறேன் என்றேன். சிரித்தான். நாளைக்கும் தட்டுவான்.

ராத்திரி ரயிலில் எங்களுக்குள் வாக்குவாதம். நேர்த்திக்கடன் முடிந்தது என்பது என் கட்சி. பிள்ளை தூணைக் கேட்டுவிட்டாள், எப்படிக் கேட்டாள் என்பது சாமிக்குத் தெரியும். வீட்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "காதுல கேக்க வைக்கேன்னுதான நேந்துக்கிட்டேன்? கையிலன்னா சொன்னேன்?" என்கிறாள். ஆனித் தேருக்கு மறுபடி வர வேண்டுமாம். பேட்டரிப் பையை இனி அவளே வைத்துக்கொள்வாளாம். சரி, டிக்கெட் போட்டாகிவிட்டது.