கண்வலிக் கிழங்கும் அப்பாவின் கையெழுத்தும்

2025 ஜனவரி 7, செவ்வாய்

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பதினாறு நாள். இன்று கோயம்புத்தூரில் முதல் செக்-அப். எக்கோ பார்த்து, ரத்தம் எடுத்து, "நல்லா இருக்கீங்கய்யா" என்று சொன்ன பிறகும் டாக்டர் எங்களை விடவில்லை. "ஒரு ஆராய்ச்சி நடக்குது. கொழுப்புக்கு ஒரு மாத்திரை. சேரலாம், சேராமலும் இருக்கலாம். சேரலைன்னாலும் இப்ப நடக்கிற வைத்தியத்துல ஒரு குறையும் வராது" என்றார்.

வெளியே ஆராய்ச்சிப் பிரிவுப் பெண் ஒருத்தி படிவத்தைக் கொடுத்தாள். இருபத்திரண்டு பக்கம். தமிழில்தான், ஆனால் எந்த ஊர்த் தமிழ் என்று தெரியவில்லை. "சமவாய்ப்பு முறை ஒதுக்கீடு" என்று வந்த இடத்தில் அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இத வீட்டுக்குக் கொண்டு போலாமுங்களா?"

"கொண்டு போங்கய்யா. எல்லாரும் படிச்சுப் பாருங்க. அவசரமே இல்ல."

ஆஸ்பத்திரியில் ஒருவர் அவசரமே இல்லை என்று சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

ஜனவரி 8, புதன்

மூலனூர். விஷயம் தெரிந்து சித்தப்பா காலையிலேயே வந்துவிட்டார். "அண்ணா, உன்னய எலி ஆக்கப் பாக்கறாங்க. பேசாம இரு." அம்மாவுக்கு ஜாதகம் பார்த்துவிட்டுத்தான் மற்றது. அப்பா துலா ராசி, நேரம் சரியில்லையாம்.

ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 1988-ல் வெளிவந்த ஐசிஸ்-2 என்ற ஆராய்ச்சியில் மாரடைப்பு வந்த 17,187 பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு ஒரு மாதம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள், சாவு நன்றாகக் குறைந்தது. வெளியிட்ட பத்திரிகை, வயது வாரியாக, அது வாரியாக, இது வாரியாகப் பிரித்துக் காட்டச் சொன்னது. ஆராய்ச்சியை நடத்திய ஆக்ஸ்போர்டுக்காரர்கள் அதோடு ராசி வாரியாகவும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் மட்டும் ஆஸ்பிரின் லேசாகக் கெடுதல் செய்த மாதிரி வந்தது! கூறு போடப் போடக் கணக்கு பொய் சொல்லும் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார்கள். (அவர்கள் பார்த்தது சூரியன் ராசி, நம்முடையது சந்திரன். இதை அம்மாவிடம் சொன்னால் "அப்ப அவங்க பாத்ததே தப்பு" என்பாள்.)

துலா ராசி அப்பா இன்றும் சாப்பாடு முடிந்ததும் ஆஸ்பிரினைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

ஜனவரி 12, ஞாயிறு

இன்று படித்ததை எழுதாமல் தூங்க முடியாது.

அப்பா வருஷக்கணக்காகக் கண்வலி போட்டவர். ஆடியில் கிழங்கு நட்டு, கம்பி கட்டிக் கொடியேற்றி, பூ விட்டதும் காலையில் ஆள் விட்டு ஒவ்வொரு பூவுக்கும் மகரந்தம் தொட்டு வைக்க வேண்டும். செங்காந்தள், மாநில மலர் என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில். எங்களுக்கு அது கண்வலி. கிழங்கைத் தின்றால் ஆள் தப்புவது கஷ்டம் என்பதால், காட்டிலிருந்து வந்து கை கழுவாமல் தட்டில் கை வைத்தால் அம்மா அடி போடுவாள். விதையை வியாபாரி வந்து எடுத்துப் போவார். வெளிநாட்டு மருந்துக் கம்பெனிக்கு என்பார்கள். என்ன மருந்து என்று நாங்கள் கேட்டதே இல்லை.

அதிலிருந்து எடுப்பது கோல்சிசின். கவுட் மூட்டுவலிக்கான பழைய மருந்து. ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்த இடத்தில் அழற்சியும் இருக்கிறது, அதை இது தணிக்குமா என்று இதயக்காரர்களுக்கும் தினம் அரை மில்லிகிராம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2019-ல் கோல்காட் என்ற ஆராய்ச்சி: மாரடைப்பு வந்து ஒரு மாதத்துக்குள் இருந்த 4,745 பேர். மருந்தே இல்லாத டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 7.1 பேருக்கு மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், சாவு மாதிரி ஏதோ ஒன்று வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 5.5. அடுத்த வருஷம் லோடோகோ-2, 5,522 பேர்: டம்மிக்கு 9.6, மருந்துக்கு 6.8. இதை நம்பி 2023-ல் அமெரிக்காவில் அனுமதியே கொடுத்துவிட்டார்கள். போன வருஷம் கிளியர் சினர்ஜி, 7,062 பேர், எல்லோரும் மாரடைப்பு வந்தவர்கள். 9.3-க்கு 9.1. அதாவது ஒன்றுமில்லை. வயிற்றுப்போக்கு மட்டும் அதிகம்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தன் காட்டு விதை மாரடைப்புக்காரர்கள் வயிற்றுக்குள் போயிருக்கலாம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசிக் கணக்கைக் கேட்டு அவர் முகம் வாடும் என்று நினைத்தேன்.

"ஒரே விதை, மூணு காடு. ரெண்டுல வெளஞ்சுது, ஒன்னுல வெளையல. ஒரு வெள்ளாமையப் பாத்துட்டு விதையப் பத்திப் பேச முடியுமா கண்ணு?"

பிறகு ரொம்ப நேரம் கழித்து, விளக்கை அணைக்கப் போனபோது: "அந்த ஏழாயிரம் பேரு தின்னு பாக்கலீன்னா இது தெரிஞ்சிருக்காதல்ல?"

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். குலதெய்வம் கோயிலில் அம்மா பூவாக்குக் கேட்க வேண்டும் என்று நின்றாள். சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் ஆராய்ச்சியில் சேரலாம். அப்பா தடுத்துவிட்டார். "இப்ப எதுக்கு? சேந்தப்பறம் அவங்களே எனக்குப் பூ போட்டுத்தான் பாப்பாங்களாம். படிவத்துல போட்டிருக்குது."

யாருக்கு மருந்து, யாருக்கு டம்மி என்று குலுக்கிப் போடுவதுதான் சமவாய்ப்பு முறை ஒதுக்கீடு. அதை யாரும் அவருக்கு விளக்கவில்லை. தானாகவே கண்டுபிடித்திருக்கிறார்.

ஜனவரி 22, புதன்

ஆஸ்பத்திரியில் ஒன்றரை மணி நேரம். அப்பா சிகரெட் அட்டையின் பின்னால் கேள்விகளை எழுதி வந்திருந்தார். (சிகரெட் விட்டு ஒரு மாதம், அட்டை மட்டும் பழையது என்று சத்தியம் செய்தார்.) பாதியில் வேண்டாம் என்றால்? எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இதனால் ஏதாவது ஆனால்? வைத்தியச் செலவு அவர்களுடையது, நஷ்ட ஈடும் உண்டு, மருந்துச் சோதனைக்கான 2019 விதிகளில் இருக்கிறது. பஸ் காசு? உண்டு.

நான் பதிவு எண்ணைக் கேட்டேன். மருந்துச் சோதனைகளை அரசின் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் ஏற்றுவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். போனிலேயே தேடினேன், இருந்தது.

கடைசிக் கேள்வி: "எனக்கு டம்மி விழுந்தா நட்டந்தானுங்களே?"

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவர்களுக்கு இதயம் இடையிடையே தப்பித் துடிப்பதை நிறுத்த மாத்திரை கொடுத்தார்களாம். துடிப்பு சீராகிவிடும், ஈ.சி.ஜி.யில் கண்ணால் பார்க்கலாம், டாக்டர்களுக்கெல்லாம் திருப்தி. காஸ்ட் என்ற ஆராய்ச்சியில் டம்மியோடு வைத்துப் பார்த்தபோதுதான், மருந்து சாப்பிட்டவர்கள் அதிகம் செத்துப்போனது தெரிந்தது. 1989-ல் அந்த மாத்திரைகளைப் பாதியில் நிறுத்தினார்கள். "எது நட்டம்னு எனக்கே தெரியாதுங்கய்யா. தெரிஞ்சா உங்களக் கேக்க மாட்டேன், நேரா எழுதிக் குடுத்துருவேன்."

அப்பா எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதி எங்களுக்கு. சித்தப்பாவுக்குப் போனில் சொன்னேன். "உங்கொப்பன் சொன்னா கேக்கமாட்டான்" என்று வைத்துவிட்டார்.

ஏப்ரல் 23, புதன்

மூன்று மாதமாக எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லாததே நல்ல செய்தி.

மாத்திரை டப்பா கைக்கு வந்தது ஜனவரி 29-ல். தொண்ணூறு மாத்திரை, எண்பத்து நாலு நாள். மிச்சத்தைத் திருப்பிக் கொண்டு வர வேண்டும், எண்ணுவார்கள். ஆராய்ச்சிப் பிரிவுப் பெண் எண்ணினாள். ஆறு இருக்க வேண்டியது, எட்டு இருந்தது.

"ரெண்டு கூட இருக்குதுங்கய்யா."

"தாராபுரத்துல ஒரு கல்யாணம். டப்பாவ எடுக்காமப் போயிட்டனுங்க. டம்மியா இருந்தாப் பரவால்லீங்க?"

அவள் சிரித்தாள், பதில் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியாது. தேதியை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அடுத்த முறை ஜூலை 16. அப்பா சுவர்க் காலண்டரில் தேடிப் பார்த்து, "மறுநா ஆடி ஒன்னு. சரிங்க, கிழங்கு நடறதுக்குள்ள வந்துட்டுப் போயிர்றேன்" என்றார்.