பெட்ரோல் டேங்க் எடுத்த குழியில் மண் பரிசோதனை: என் அனுபவம்

திண்டுக்கல்–பழனி சாலையில் என் தந்தை பெட்ரோல் பங்க் ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டிருந்த நிலம், குத்தகைக் காலம் முடிந்து சென்ற ஆண்டு எங்களிடம் திரும்பியது. டேங்குகளைக் கழுவி, உள்ளே எரியக்கூடிய ஆவி இல்லை என்பதற்கான கேஸ் ஃப்ரீ சான்றிதழ் பெற்று, கிரேன் வைத்துத் தூக்கும் வேலை இரண்டே நாளில் முடிந்தது. மூன்றாம் நாள் காலை நான் போவதற்குள் ஒப்பந்ததாரர் பெட்ரோல் டேங்க் இருந்த குழியைக் கிராவல் கொட்டி மூடிவிட்டார். எரிபொருள் கசிந்திருக்கிறதா என்று மண்ணைச் சோதிக்காமல் ஏன் மூடினீர்கள் என்று கேட்டதற்கு, "ஆடு மாடு விழுந்துடும் சார்" என்றார். டேங்க் வெளியே வரும் நாளில் மண் எடுப்பவர் குழியருகே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்காதது என் தவறு.

மிஞ்சியிருந்த டீசல் குழியிலும், டேங்கிலிருந்து பம்புக்குக் குழாய் சென்ற பள்ளத்திலும் மண் எடுத்தோம். குழிக்குள் யாரையும் இறக்கவில்லை. பெட்ரோல் ஆவி காற்றை விடக் கனமானது, பள்ளத்தில் தேங்கி நிற்கும் என்பதால் பொக்லைன் வாளியில் வந்த மண்ணிலிருந்தே அள்ளினோம். அதுவரை சரி. அள்ளியதைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் காரின் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு கோவைக்குப் புறப்பட்டேன். தாராபுரம் தாண்டுவதற்குள் பை உப்பிவிட்டது, ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, "டேங்க் ஒழுகுதா சார்?" என்று இறங்கிக் குனிந்து பார்த்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்த அறிக்கையில் டீசல் குழி மண்ணில் எண்ணெய் இருந்தது. குழாய்ப் பள்ளத்து மண்ணில், பெட்ரோலில் இருக்கும் நச்சுப் பொருளான பென்சீன் "கண்டறியப்படவில்லை". கார் முழுக்க வீசிய வாசனையில்தான் அந்தப் பென்சீனும் போயிருந்தது. டீசல் கனமானது, பையிலும் பெரும்பாலும் தங்கிவிடும். பென்சீனும், அதைப் போலவே பெட்ரோலில் இருக்கும் டொலுயினும் ஆவியாகிப் பறந்துவிடும். பையில் கொண்டுவந்த மண்ணை ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு, கொடுத்ததைச் சோதிப்பதுதான் எங்கள் வேலை என்று ஆய்வக வரவேற்பில் பதில் வந்தது. பங்கை நடத்திய எண்ணெய் நிறுவனமோ அந்த அறிக்கையையே காட்டி, நிலம் சுத்தமாக ஒப்படைக்கப்பட்டது என்ற கடிதத்தில் கையெழுத்து கேட்டது. நான் போடவில்லை. இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அது.

இரண்டாம் முறை வேறு ஆய்வகத்தைப் பிடித்தேன். ஆவியாகும் பொருள்களைப் பறக்கவிடாமல் பிடித்து வைக்கும் மெத்தனால் ஊற்றிய சிறு கண்ணாடிக் குப்பிகளை அவர்களே அனுப்பினார்கள். நுனி வெட்டிய சிரிஞ்சால் ஐந்து கிராம் மண்ணை எடுத்து உடனே குப்பிக்குள் தள்ளி மூட வேண்டும். மூடியின் மரையில் ஒரு மணல் துகள் ஒட்டினாலும் குப்பி இறுகாது என்பதால், ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துவிட்டே மூடினேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரின் கிணற்று நீரை மெத்தனால் இல்லாத வேறு குப்பிகளில் விளிம்பு வரை நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துக் குமிழி தெரிகிறதா என்று பார்த்தோம். குமிழி இருந்தால் ஆவி அதற்குள் போய்விடுமாம். நான்கு குப்பிகளில் ஒன்றைத் திரும்ப நிரப்ப வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றிரவே அனுப்பினேன். மூடிய குழிக்குத் துளையிடும் இயந்திரம் வரவழைக்க வேண்டியிருந்தது. முதலிலேயே திறந்து வைத்திருந்தால் அந்தச் செலவு மிச்சம்.

இதற்கிடையில் நிலம் மாசடைந்திருக்கலாம் என்று மனு கொடுக்கப் போனால் இரண்டு அலுவலகங்கள் ஒன்றையொன்று கை காட்டின. மூன்று பயணம் வீண். மாசடைந்த இடங்கள் குறித்து 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட மத்திய விதிகளின்படி, சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டியது உள்ளாட்சி அமைப்பு அல்லது மாவட்ட நிர்வாகம். அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேசையில் வைத்த பிறகே என் நகலில் முத்திரை விழுந்தது.

புதிய அறிக்கையில், டேங்க் குழியை விடக் குழாய் இணைப்பின் கீழிருந்த மண்ணே மோசமாக இருந்தது. அங்கே பென்சீன், நெதர்லாந்து நாட்டின் தலையீட்டு அளவான (இதைத் தாண்டினால் மண் கடுமையாக மாசடைந்ததாகக் கருதுவார்கள்) கிலோவுக்கு 1.1 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. குழாய்ப் பள்ளத்தை மட்டும் தோண்டி எடுத்துச் செல்ல நிறுவனம் இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறது. கிணற்று நீரின் முடிவு இன்னும் வரவில்லை; அதுவரை பெரியவர் வீட்டுக்குக் குடிநீர் கேன் எங்கள் செலவில் போகிறது.