விடை சரிதானே, மிஸ்?

பக்கம் 4 செ.மீ. உள்ள சதுரத்தின் பரப்பளவைத்தான் கேட்டிருந்தார்கள். என் மாணவி 4 + 4 + 4 + 4 என்று கூட்டி, 16 ச.செ.மீ. என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டாள்.

பேசாமல் அடுத்த கணக்குக்குப் போயிருக்கலாம். நோட்டைத் திருத்துபவர் எப்படியும் டிக் போட்டிருப்பார். ஆனால் நான்கு பக்கத்தையும் கூட்டினால் வருவது சுற்றளவு. சதுரங்களில் 4-க்கு மட்டும்தான் சுற்றளவும் பரப்பளவும் ஒரே எண்ணாக வரும். முழு எண் பக்கங்கள் கொண்ட செவ்வகம் என்று பார்த்தால் 6-க்கு 3 ஒன்றுதான். அதில் இரண்டும் 18. போயும் போயும் அந்த 4-ஐயா கொடுப்பார்கள்!

"சரி, பக்கம் 5-ன்னா?"

"20."

கட்டம் போட்ட தாளில் வரைந்து எண்ணச் சொன்னேன். 25 வந்தது.

"நீங்க கணக்கை மாத்திட்டீங்க. என் கணக்குல விடை சரிதானே, மிஸ்?"

"விடை சரி, வழி தப்பு."

"தப்பான வழியில போனா சரியான விடை எப்படி வரும்?"

"சில சமயம் வரும்" என்றேன். அவள் ரப்பரை எடுத்து 16-ஐயும் சேர்த்தே அழித்தாள். பிறகு 4 × 4 = 16 என்று எழுதினாள்.

விட்டிருந்தால் அடுத்து வந்த 7-க்கு 3 செவ்வகத்தில் மாட்டியிருப்பாள். அதனால் நான் 5-ஐக் கேட்டது நியாயம்தான். ஆனால் அவள் எழுதிய அந்த வரியில் என்ன தப்பு? வரிசைக்கு 4 கட்டம், நான்கு வரிசை. 4 + 4 + 4 + 4 பரப்பளவுக்கும் பொருந்துகிற வழிதானே? மனதில் பக்கங்களை நினைத்தாளா, வரிசைகளை நினைத்தாளா என்பதை நோட்டு சொல்லாது. 20 என்றதால் பக்கங்கள்தான் என்று முடிவு கட்டினேன். திடீரென்று கேட்டதில் பழக்கத்தில் நான்கு முறை கூட்டியிருக்கவும் கூடும். "வரிசை வரிசையாக் கூட்டினியா?" என்று கேட்டிருக்கலாம்தான். கேட்டால் எந்தப் பிள்ளையும் "ஆமா மிஸ்" என்றுதான் சொல்லும். என் விளக்கம் அவள் விளக்கமாகியிருக்கும்.

அதுவரை மளமளவென்று போட்டவள், அன்று மீதிக் கணக்குகளில் ஒவ்வொரு வரிக்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். செவ்வகத்துக்கு 21 என்று சரியாகவே போட்டாள். புரிந்து போட்டாளா, இனிமேல் பெருக்க வேண்டும் என்று மட்டும் எடுத்துக்கொண்டாளா? அதைக் கண்டுபிடிக்க இன்னொரு கணக்கைத்தான் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்க மனம் வரவில்லை.