உடைச்சல் விலை

மார்கழி பிறந்தால் என் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமிருக்காது. இப்போது அதில் ஒரு குங்குமச் சிமிழ், ஆறு தேக்கரண்டி, சீனிக்கட்டி எடுக்கிற சின்னக் குறடு, நேற்றுவரை விளிம்பு நெளிந்த கிண்ணம் ஒன்றும். எல்லாம் பழைய வெள்ளி. நத்தாருக்கு இரண்டு, தைப்பொங்கலுக்கு ஒன்று, மாசியில் வருகிற ஒரு பிள்ளையின் சோறு தீத்தலுக்குக் கிண்ணம். "உனக்கென்னடி, எல்லாருக்கும் வெள்ளியாக் குடுக்கிறாய்" என்று மச்சாள் சொல்லிக்காட்டுவாள். அவள் வருஷாவருஷம் பெட்டியோடு வாங்கிக் கொடுக்கிற கண்ணாடிக் கோப்பை செட்டை விட என் பொதி பெரும்பாலும் மலிவு. அதை நான் அவளுக்குச் சொன்னதில்லை.

இந்தப் பழக்கம் தொடங்கியது கொழும்பில் நகைக்கடைகள் இருக்கிற செட்டியார் தெருவில். அம்மாவின் ஆட்டத்திவசம் முடிந்த கையோடு அவவின் வெள்ளிச் சாமான் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தோம். லண்டனில் இருக்கிற தம்பி, "வித்துப் பங்கு போடு அக்கா, ஆர் இனி உதுகளைப் பாவிக்கிறது" என்றான். அவன் சொன்னதும் நியாயந்தான். ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தையில் நூறாம் நம்பர் பஸ் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனேன்.

கடைப் பெடியன் ஒன்றையும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணி குடிக்கிற வெள்ளிச் செம்பைத் தூக்கித் தராசில் வைத்தான். "287 கிராம். உடைச்சல் விலைதான் அக்கா. உருக்கத்தானே போறம், வேலைப்பாட்டுக்கு ஒண்டும் போடேலாது."

அம்மா அந்தச் செம்பை எப்போதும் "இருபத்தஞ்சு ரூபாச் செம்பு" என்றுதான் சொல்லுவா. அந்தக் காலத்து விலை என்று நினைத்திருந்தோம். வாய்தவறி அதைக் கடையில் சொல்ல, மூலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். விலை இல்லைப் பிள்ளை, நிறை என்றார். முந்தி வெள்ளி ரூபாக் குற்றிகளை எண்ணிப் பத்தரிடம் கொடுப்பார்களாம், அவர் அதையே உருக்கிச் செம்பாக அடித்துக் கொடுப்பாராம். பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு ரூபா ஒரு தோலா, 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. இலங்கையிலும் அந்த ரூபாதான் புழங்கியது. கைபேசியில் பெருக்கிப் பார்த்தேன். 25 குற்றிக்கு 291 கிராம் 500 மில்லி. பத்தரின் சேதாரம் போக மிச்சத்தை, மூன்று தலைமுறைப் பெண்கள் திருநீறும் புளியும் போட்டுத் தேய்த்தே கரைத்திருக்கிறார்கள். மொத்தம் நாலரைக் கிராம்.

செம்பைத் திருப்பிப் பைக்குள் வைத்துவிட்டேன். பெடியனுக்கு முகம் கறுத்தது. அப்போதுதான் மேசைக்குக் கீழே உருக்குவதற்கென்று வைத்திருந்த பெட்டி கண்ணில் பட்டது. உள்ளே சந்தனக் கும்பா, தண்டை, கொலுசு, பாதி நசிந்த வெற்றிலைத் தட்டம். இவர்கள் நிறைக்கு வாங்கினால், அதற்குக் கொஞ்சம் மேலே போட்டு நானும் நிறைக்கு வாங்கலாமே! தட்டத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். விற்கப் போனவள் வாங்கி வந்த கதை தம்பிக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்தத் தட்டம் எங்கள் மேல்மாடிச் சிங்கள அக்காவுக்கு நத்தார்ப் பரிசாகப் போனது. அவ வெற்றிலை போடுவதில்லை. அதில்தான் இப்போது லவ் கேக் வெட்டி அடுக்கி எங்களுக்குக் கீழே அனுப்புகிறா. வெற்றிலைக் கொடி செதுக்கின விளிம்பில் கேக் தூள் ஒட்டியிருக்கும். அதைப் பார்க்க எனக்கு நல்ல சந்தோஷம். கண்ணாடி அலுமாரிக்குள் போய்க் குந்துகிற பரிசில் எனக்கு விருப்பமில்லை.

தொடக்கத்தில் ஏமாந்தும் இருக்கிறேன். ஆறு கரண்டி, பின்பக்கம் நாலு ஆங்கில எழுத்து: ஈ.பி.என்.எஸ். செய்தவரின் பெயராக்கும் என்று நினைத்து, நல்ல விலை கொடுத்து வாங்கி, மகளின் மாமியாருக்கே தீபாவளிக்குக் கொடுத்தேன். இரண்டு வருஷத்தில் கரண்டிகளின் அடி மஞ்சளித்தது. அந்த எழுத்துகளுக்கு அர்த்தம், நிக்கல் கலவைக்கு மேல் மின்சாரத்தால் பூசின வெள்ளி என்பது. செம்பும் நாகமும் நிக்கலும் கலந்த அந்த உலோகத்தில் பேருக்குக்கூட வெள்ளி கிடையாது. சம்பந்தி ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் நான் போகிற நேரமெல்லாம் தேத்தண்ணியோடு அந்தக் கரண்டிதான் வரும்.

அதற்குப் பிறகு பூதக்கண்ணாடி இல்லாமல் வாங்குவதில்லை. இங்கிலாந்துச் சாமானென்றால் நடக்கிற சிங்க முத்திரை குத்தியிருக்கவேண்டும். ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று அர்த்தம். பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் தரம் சோதித்தது. அங்கே 1773இல்தான் சோதனைச்சாலை வந்தது. கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம்! அரசர் அல்லது அரசியின் தலையும் குத்தியிருந்தால் பெரும்பாலும் வரி கட்டின அடையாளம். 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது. இந்தக் குறட்டில் விக்டோரியாவின் தலை இருக்கிறது. எந்தத் தேயிலைத் தோட்டத்துத் துரை வீட்டில் சீனி எடுத்ததோ! எங்கள் ஊர்ப் பத்தர்கள் செய்ததில் பெரும்பாலும் ஒரு முத்திரையும் இராது. அதற்குக் கடையில் உரைத்துத்தான் பார்க்கவேண்டும்.

பொதிக்குள் ஒரு துண்டுக் கடதாசியும் வைப்பேன். ரப்பர் பாண்ட் போடவேண்டாம், அதிலுள்ள கந்தகம் கறுப்புக் கோடு விழுத்தும். முட்டை வைத்துச் சாப்பிட்டால் உடனே கழுவவும். உப்பு வைக்கவே வேண்டாம், அரித்துவிடும். பற்பசை போட்டுத் தேய்க்காதீர்கள். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் கொதிதண்ணியும் நொடியில் பளிச்சென்று ஆக்கும், உண்மைதான். ஆனால் செதுக்கல்களுக்குள் படிந்திருக்கிற கறுப்பையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். பூவேலை முழுக்க மொட்டையாய்த் தெரியும். எனக்கு அம்மாவின் திருநீறும் பழைய வேட்டித் துணியும் போதும். கடற்காற்று அடிக்கிற வெள்ளவத்தையில் எப்படியும் மூன்று மாதத்தில் திரும்பக் கறுக்கத்தான் போகிறது.

கிண்ணத்தை நேற்றுப் பத்தரிடம் கொண்டுபோனேன். அடியில் எவரோ ஊசியால் "க. ம." என்று கீறியிருக்கிறார்கள். விளிம்பில் ஒரு நெளிவு, கீழே விழுந்ததாக்கும். அந்த எழுத்தை அழித்துப் பிள்ளையின் பெயரை வெட்டித் தரட்டோ என்று கேட்டார். வேண்டாம், பக்கத்தில் இடம் இருக்குத்தானே என்றேன். நெளிவையாவது எடுக்கட்டோ என்றார். அதுவும் வேண்டாம், விளிம்பு பிள்ளையின் வாயில் வெட்டாமல் மட்டும் ராவித் தாங்கோ என்றேன். வியாழக்கிழமை பின்னேரம் வரச்சொல்லியிருக்கிறார்.