மின்வெட்டு மாலையில் கிடைத்த சமிக்ஞை

2022 பெப்ரவரி 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-52 என்ற இந்திய ரொக்கெட்டில் இன்ஸ்பயர்சாட்-1 என்ற எட்டுக் கிலோச் செய்மதியும் போனது. திருவனந்தபுரத்து விண்வெளிக் கல்வி நிறுவனமும் கொலராடோ பல்கலைக்கழகமும் வேறு சில பல்கலைக்கழகங்களும் மாணவர்களைச் சேர்த்துக் கட்டிய செய்மதி அது. மேல் வளிமண்டலத்தின் மின்னேற்றமடைந்த படையான அயனி மண்டலத்தையும் சூரியனின் எக்ஸ் கதிர்களையும் அளப்பது அதன் வேலை. மாணவர் கை பட்ட அந்தச் செய்மதியின் வானொலிச் சமிக்ஞையை, யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் உள்ள கிளிநொச்சி அறிவியல்நகரிலிருந்து கேட்டுவிட வேண்டும் என்று விடுதியில் நாங்கள் சிலர் இறங்கினோம்.

அன்டனாவுக்குச் செலவு பெரிதில்லை. செய்மதி பேசும் 437 மெகாஹேர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறத்தாழ 69 சென்ரிமீற்றர். அதில் பாதியை அண்டிய நீளங்களில் உருக்கு அளவுநாடாவை வெட்டி, பி.வி.சி. குழாயில் பூட்டினோம். தொலைக்காட்சி பார்க்க விற்கும் யூ.எஸ்.பி. அலைவாங்கி (receiver) ஒன்றை மடிக்கணினியில் செருகினோம்.

இரைச்சல்தான் எங்களை வதைத்தது. இந்தச் செய்மதி காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டியே வந்தது. மாலை ஆறு மணிக்கு விடுதி முழுவதும் எல்.ஈ.டி. விளக்கும் சார்ஜரும்தான். அவை கிளப்பும் வானொலி இரைச்சலால் திரையெங்கும் கோடுகள், தேடும் சமிக்ஞை அவற்றுக்குள் புதைந்து போகும்.

மார்ச்சில் மின்வெட்டு நீண்டது. ஒரு மாலை மின்சாரம் போன நேரமும் செய்மதி வரும் நேரமும் பொருந்தின. மொட்டை மாடியில் நின்றோம். இரைச்சல் மட்டம் சட்டென்று இறங்க, குறித்த மீடிறனுக்குச் சில கிலோஹேர்ட்ஸ் மேலே மெல்லிய கீற்றுகள் விட்டுவிட்டுத் தெரிந்தன. செய்மதி தெற்கிலிருந்து ஏறிவர, அவை கீழே நழுவிக்கொண்டே வந்தன. அலை அனுப்பும் பொருள் நகரும்போது மீடிறன் இப்படி மாறுவதுதான் டொப்ளர் விளைவு. அதற்கு எத்தனையோ கணக்குச் செய்திருக்கிறேன். அது கண்முன்னே நகர்வதை அன்றுதான் பார்த்தேன். அன்டனா பிடித்திருந்த தம்பி மணிக்கட்டைத் திருப்பத் திருப்பக் கீற்று மங்கியும் தெளிந்தும் வந்தது. "அப்படியே பிடி, அசையாதே!" என்று கத்தினேன்.

பத்து நிமிடத்துக்குள் வடக்கே போய்விட்டது. பதிவைப் பிரித்ததில் பிழையற்ற ஒரு தரவுப் பொதி கிடைத்தது. அதை, ஆர்வலர்கள் பிடித்த செய்மதித் தரவுகளைத் திரட்டும் சட்நொக்ஸ் (SatNOGS) பொதுத் தளத்தில் சேர்த்தோம்.

இலங்கையின் முதல் செய்மதியான ராவணா-1 கூட ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில்தான் கட்டப்பட்டது. கட்டுவதற்கு ஆய்வுகூடம் வேண்டும், பணம் வேண்டும். கேட்பதற்கு வேண்டியது இரைச்சலற்ற வெளி. அது வன்னியில் தாராளமாக இருக்கிறது. அதன்பின் இரணைமடுக் குளக்கட்டுக்கு மாறினோம். பெற்றோல் இல்லாத காலம், எல்லோரும் சைக்கிளில். தெற்கே தண்ணீர்தான், மறிக்க எதுவுமில்லை. செய்மதி அடிவானத்தை விட்டு எழும்பிய சற்றைக்கெல்லாம் பிடிபட்டது.